முதலில் இடிபாடு, அப்புறம்தான் படை: விண்வெளிப் போர் மினியேச்சர்களில் இறங்குவது எப்படி

மினியேச்சர் என்றால் நாமே ஒட்டி, பெயிண்ட் அடித்து, மேசை மேல் நிறுத்திப் போர் விளையாடுகிற சின்னப் பொம்மைகள். பெட்டியின் அட்டைப்படத்தில் ஒரு கையில் வாளும் மறுகையில் துப்பாக்கியுமாக நிற்கிற தளபதியைப் பார்த்து மயங்கி, இருப்பதிலேயே பெரிய பெட்டியை வாங்கிவந்து, அன்றிரவே அந்தத் தளபதியை எடுத்து முகத்தில் பெயிண்ட் வைக்கத் தோன்றும். நானும் அதைத்தான் செய்தேன். மூன்று நாள் போராடியதில் என் தளபதிக்குக் கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் கொப்புளங்கள் வந்திருந்தன, தோள்கவசத்தில் பிரஷ் முடி ஒன்று நிரந்தரமாகக் குடியேறியிருந்தது, அந்த வெறுப்பில் மீதிச் சிப்பாய்கள் எல்லோரும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகவே நான்கு வருடம் அலமாரி மேல் கிடந்தார்கள்.

அதனால் இங்கே வரிசை தலைகீழ். முதலில் டெரெயின், அதாவது மேசை மேல் பரப்பி வைக்கிற இடிந்த சுவர், பாறை, குழாய், கன்டெய்னர் வகையறா. அப்புறம் சாதாச் சிப்பாய்கள். தளபதி எல்லாருக்கும் கடைசி. இடிபாட்டில் கை தவறினால் அதற்குத் துரு, கறை, புகை என்று ஏதாவது ஒரு பேர் வைத்துவிடலாம், முகத்தில் தவறினால் அப்படி எந்தப் பேரும் வைக்க முடியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது, அது நிறம் சம்பந்தப்பட்டது, பின்னால் வருகிறேன்.

எவ்வளவு வாங்குவது

பத்து பொம்மை. அதற்கு மேல் முதல் தடவை வேண்டாம்.

பத்தை வைத்து என்ன விளையாடுவது என்றால், நிறைய இருக்கிறது. 2021-ல் வந்த ஸ்டார்கிரேவ் விளையாட்டில் ஒரு கேப்டன், ஒரு துணைக் கேப்டன், அதிகபட்சம் எட்டு ஆட்கள், அவ்வளவுதான் ஒரு அணி, மேசையும் மூன்றடிக்கு மூன்றடி போதும், பொம்மை எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கிரிம்டார்க் ஃபியூச்சரும் அப்படித்தான், எந்தப் பொம்மையையும் ஏற்றுக்கொள்ளும், அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வார்ஹேமர் 40,000 தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர், பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987-ல் வெளியிட்டது, ஆனால் அதன் முழு விளையாட்டுக்கு நிறைய பொம்மை வேண்டும், அதே உலகத்தில் சிறிய அணியோடு ஆடுகிற கில் டீம் புதியவருக்கு நல்ல நுழைவாசல். ராட்சத ரோபோக்கள் பிடிக்கும் என்றால் பேட்டில்டெக். 1984-ல் பேட்டில்டிராய்ட்ஸ் என்ற பெயரில் வந்து, அந்த ‘டிராய்ட்’ என்கிற சொல்லுக்கு வேறொருவர் உரிமை கோரியதால் பெயர் மாறிய விளையாட்டு அது. நான்கு ரோபோ இருந்தாலே ஒரு அணி ஆகிவிடும், முகம் கிடையாது, கண் கிடையாது, பெரிய தட்டையான தகடுகள் மட்டும்தான் என்பதால் பெயிண்ட் பழகுவதற்கு இதைவிட சுலபமான பொம்மை எனக்குத் தெரியாது.

அளவு விஷயத்தில் குழம்பாமல் இருக்கவேண்டும். 28 மில்லிமீட்டர் என்றால் நிற்கிற ஆளின் பாதத்தில் இருந்து கண் வரைக்குமான உயரம் என்று பொதுவாகச் சொல்வார்கள், உச்சந்தலை வரை என்று சாதிக்கிறவர்களும் உண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் கூடும் குறையும். இதிலேயே ‘ஹீரோயிக்’ என்று ஒரு வகை: தலை, கை, துப்பாக்கி எல்லாம் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும். பார்க்கக் கோமாளித்தனமாகத் தோன்றினாலும் பெயிண்ட் அடிக்கிற கைக்கு அது வரம். ஸ்பெயினில் இருந்து வரும் இன்ஃபினிட்டி இதற்கு நேர் எதிர், மெலிந்த நிஜ விகிதம், பெரும்பாலும் உலோகம், கண்கொள்ளாத அழகு, ஆனால் முதல் பொம்மையாக எடுத்தால் அழுவீர்கள். 15 மில்லிமீட்டரில் டாங்கிகளோடு ஒரு பெரிய படையே சாப்பாட்டு மேசையில் அடங்கும். 6 மில்லிமீட்டரில் மனிதன் ஒரு புள்ளி.

ரயில் மாடல் கடைகளில் கிடைக்கும் கட்டிடங்களை வைத்து ஊர் அமைக்கலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். அங்கே சாதாரணமாகக் கிடைக்கும் 1/87 அளவு, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, 28 மில்லிமீட்டர் ஆளுக்குச் சிறிது, வாசல் அவன் மார்புக்குத்தான் வரும். 1/48-ல் இருந்து 1/56 வரை பார்த்து வாங்குங்கள். குழாய், பீப்பாய், கம்பி வேலி மாதிரி விஷயங்களுக்கு அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இரண்டு பேர் ஆடுகிற ஆரம்பப் பெட்டியை நண்பரோடு பாதி பாதி பிரித்துக்கொள்வதுதான் பொதுவாக மலிவான வழி. பழைய பொம்மைகள் இன்னும் மலிவு, பெயிண்ட் அசிங்கமாக அப்பியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷால் தேய்த்தால் பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் வந்துவிடும். ரெசின், அதாவது திரவமாக இருந்து இறுகவைத்த பிசினில் செய்த பொம்மை என்றால் நீண்ட நேரம் ஊறவிடாதீர்கள், இளகிவிடக்கூடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகக்கூடாது, அதில் உள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துக் கஞ்சியாக்கிவிடும். 1990-களின் நடுப்பகுதிக்கு முந்தைய உலோகப் பொம்மைகளில் ஈயம் கலந்திருக்கலாம், அவற்றை உலர்ந்த நிலையில் ராவாதீர்கள், தொட்டபின் கை கழுவுங்கள்.

3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெசின் பிரிண்டர் பொம்மைக்கு, இழை உருக்கிப் போடும் பிரிண்டர் டெரெயினுக்கு. இறுகாத ரெசின் தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல், நைட்ரைல் கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். இறுகிய ரெசினைத் தேய்க்கும்போது வரும் தூளும் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி போட்டுக்கொண்டு ஈரமாக வைத்தே தேயுங்கள். விளையாட்டை வெளியிடும் நிறுவனமே நடத்துகிற போட்டிக்குப் போனால் பிரிண்ட் போட்ட பொம்மையை உள்ளே விடாமல் இருக்கலாம், வீட்டு மேசையில் யார் கேட்கப்போகிறார்கள்.

குப்பையில் இருந்து கோட்டை

சரி, வேலையை ஆரம்பிக்கலாம். பாட்டில் மூடி, மாத்திரை அட்டை, உறிஞ்சுகுழல், செத்துப்போன கீபோர்டின் பட்டன்கள், பழைய பிரிண்டரின் உள் உறுப்புகள், முட்டை அட்டை எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் சேருங்கள். வீட்டில் திட்டுவார்கள், பரவாயில்லை. வார்ஹேமர் 40,000-இன் ஆரம்ப நாட்களில் டியோடரண்ட் டப்பாவை வைத்து மிதக்கும் டாங்கி செய்கிற முறை அச்சிலேயே வந்தது, இன்றைக்கும் பழைய ஆட்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் வேர் அந்த டப்பாவில்தான் இருக்கிறது.

நெளி அட்டையின் மேல் தாளை ஈரப்படுத்தி உரித்தால் உள்ளே இருக்கும் வரிகள் தொழிற்சாலை ஷட்டர் ஆகிவிடும். மாத்திரை அட்டையின் குமிழ்கள் எரிபொருள் தொட்டி. கீபோர்டு பட்டனைத் தலைகீழாக ஒட்டினால் ஏதோ ஒரு இயந்திரக் கதவு, என்ன இயந்திரம் என்று கேட்காதீர்கள். முக்கியமான வித்தை ஒன்றுதான்: எதை ஒட்டினாலும் அதைச் சுற்றி அளவு தெரிகிற ஒரு பொருளை வைக்கவேண்டும். ஒரு கதவு, ஒரு ஏணி, ஒரு கைப்பிடிக் கம்பி. அது இல்லாதவரை பாட்டில் மூடி பாட்டில் மூடியாகவே தெரியும், பக்கத்தில் ஏணி வந்தவுடன் அது மூன்று மாடித் தொட்டி.

சுவருக்கு எக்ஸ்பிஎஸ் நுரைப் பலகை நல்லது. குருணை குருணையாக உதிர்கிற சாதாத் தெர்மகோல் இல்லை, நெருக்கமாக, பெரும்பாலும் இளஞ்சிவப்பு, நீலம், மஞ்சள் நிறங்களில் வருகிற கெட்டிப் பலகை. கூரான கத்தியால் பல தடவை மெல்ல இழுத்து வெட்டுங்கள், ஒரே அழுத்தாக அழுத்தினால் கிழியும். பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டால் கான்கிரீட் இடுக்கு, உருட்டிய அலுமினியத் தாளை மேலே அழுத்தி உருட்டினால் சொரசொரப்பு, ஓரத்தைக் கையால் பிய்த்தால் குண்டு விழுந்த இடம்.

அளவுகள் எனக்கு இப்படி ஒத்துவருகின்றன, 28 மில்லிமீட்டர் பொம்மைக்கு: பேஸ், அதாவது பொம்மை நிற்கிற அடித்தட்டு, தரும் உயரத்தையும் சேர்த்துக் கதவு 35-ல் இருந்து 40 மில்லிமீட்டர், மாடிக்கு மாடி மூன்று அங்குலம். மூன்று அங்குலம் அதிகம் என்று தோன்றும், ஆனால் அதற்குக் குறைந்தால் கீழ்மாடியில் நிற்கிற பொம்மையை எடுக்க விரல் நுழையாது. மாடித் தளத்தில் பொம்மையின் பேஸ் முழுதாக உட்கார இடம் வேண்டும், 32 மில்லிமீட்டர் பேஸ் என்றால் 40 மில்லிமீட்டர் அகலமாவது விடுங்கள். அழகாகக் கட்டி, மேலே யாரையும் நிறுத்த முடியாமல் போன கோபுரம் ஒன்று என்னிடம் இருக்கிறது, இப்போது அதில் பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

அடிப்பலகை இல்லாமல் எதையும் விடாதீர்கள், மூன்று மில்லிமீட்டர் எம்டிஎஃப் மரநார்ப் பலகை போதும், ஓரத்தைச் சரிவாகத் தேய்த்தால் மேசையோடு இழையும். அட்டையையோ மெல்லிய ஃபோம் போர்டையோ அடிப்பலகையாக வைத்து ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை தடவினால் காய்கிறபோது அப்பளம்போல் வளையும், இரண்டு பக்கமும் தடவினால் இழுப்பு சமமாகும்.

இப்போது நான் பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம். நுரையில் நேரடியாக ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்காதீர்கள். அந்த டின்னில் இருக்கும் கரைப்பான் நுரையைத் தின்னும். இரண்டு வாரம் உட்கார்ந்து செதுக்கிய தொழிற்சாலை என் கண் முன்னாலேயே சீழ் பிடித்ததுபோல் குழிந்து உள்ளே போனது. வெள்ளைப் பசையில் கறுப்பு அக்ரிலிக் பெயிண்டைக் கலந்து, இண்டு இடுக்கு விடாமல் கையால் இரண்டு பூச்சு பூசுங்கள், அதுவே கவசம், அதுவே அடிநிறம். மணல் ஒட்டுவதென்றால் இதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள், அதிலும் ஒரே அளவு மணலாக இல்லாமல் தூள், மணல், நாலைந்து சின்னக் கல் என்று கலந்து போட்டால்தான் தரை நம்பும்படி இருக்கும்.

அப்புறம் டிரை பிரஷ். இந்த ஒரு உத்தி தெரிந்தால் டெரெயினின் முக்கால்வாசி முடிந்தது. மேக்கப் போடுகிற பெரிய வட்டப் பிரஷ் ஒன்றை எடுத்து, பெயிண்டைத் தொட்டு, ஒரு துணியில் கிட்டத்தட்ட எதுவும் இல்லை என்கிற அளவுக்குத் துடைத்து, சுவரின் மேடுகளில் லேசாக உரசிக்கொண்டே போங்கள். மேடு நிறம் பிடிக்கும், பள்ளம் இருட்டாகவே நிற்கும். அடர் சாம்பல் முதலில், நடுச் சாம்பல் அடுத்து, கிட்டத்தட்ட வெள்ளையாக ஒன்று ஓரங்களில் மட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் அழுத்தம் குறையவேண்டும். மேலே பழுப்பு வாஷை, அதாவது தண்ணீர்போல் நீர்த்த நிறத்தை, அங்கங்கே மட்டும் விடுங்கள், ஜன்னல் அடியில், குழாய் மூட்டில், மழைநீர் ஒழுகியிருக்கும் இடங்களில். துருவுக்கு அடர் பழுப்பு, அதன் மேல் கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டால் ஆரஞ்சு ஒற்றல், கடைசியில் ஓரத்தில் மட்டும் வெள்ளிநிறம் ஒரு உரசல். ஆரஞ்சு மட்டும் கஞ்சத்தனமாக. நிஜத் துருவில் பழுப்புதான் அதிகம், ஆரஞ்சு கொஞ்சம்தான்.

மேசையில் வைக்கும்போது நடுவில் ஒரு பெரிய கட்டிடம் வேண்டும், இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி தெரியக்கூடாது. எதிரெதிரே நின்று முதல் சுற்றிலேயே சுட்டுத் தள்ளிவிட்டால் விளையாட்டு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மேசையின் கால் பங்கில் இருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டெரெயின் இருப்பது நல்ல கணக்கு.

தரைதான் சீருடையைத் தீர்மானிக்கும்

இரண்டாவது காரணம் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். மேசையின் நிறம் தெரிந்துவிட்டால் படையின் நிறம் தானாக வந்து நிற்கும். செவ்வாய்க் கிரகம் மாதிரி துருச் சிவப்புத் தரை செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள், அதில் சிவப்புக் கவசக்காரர்களை நிறுத்தினால் இரண்டடி தள்ளி நின்று பார்க்கும்போது ஆட்கள் காணாமல் போய்விடுவார்கள். நீலம், பச்சைநீலம், எலும்பு வெள்ளை எல்லாம் அங்கே பளிச்சென்று தெரியும். சாம்பல் நகரத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எடுபடும். பனிக்கிரகத்தில் எது வைத்தாலும் எடுபடும், வெள்ளையைத் தவிர. நிஜ ராணுவம் மறைவதற்காக நிறம் பூசும், நம் ராணுவம் தெரிவதற்காகப் பூசவேண்டும்.

சீருடைக்கு ஒரு பெரிய நிறம், ஒரு சின்ன நிறம், கண் போய் நிற்க ஒரு புள்ளி நிறம். மூன்று போதும். புள்ளி நிறத்தை ஹெல்மெட் கண்ணாடிக்கும் துப்பாக்கி விளக்குக்கும் மட்டும் வையுங்கள். பொம்மையின் பேஸ் மட்டும் தரையின் அதே மணல், அதே பெயிண்ட், அதே டிரை பிரஷ். டெரெயின் செய்தபோது மீந்த கலவையை ஒரு மூடியுள்ள டப்பாவில் எடுத்து வைத்திருந்தால் இந்த வேலை பாதியாகிவிடும். பல நாள் பல இடத்தில் வாங்கிய பொம்மைகள்கூட ஒரே பேஸில் நின்றால் ஒரே படை மாதிரி தெரியும்.

ஒட்டுதல், பிரைமர்

பிளாஸ்டிக் பொம்மை பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அதற்குப் பிளாஸ்டிக் சிமென்ட், அது ஒட்டுவதைவிட இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்குகிறது என்று சொல்வதே சரி, அதனால் மூட்டு உறுதி. ரெசின், உலோகம், பிரிண்ட் போட்ட பொம்மை இவற்றில் அந்த சிமென்ட் வேலைக்கே ஆகாது, சூப்பர் க்ளூதான். கனமான உலோகக் கை என்றால் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு உள்ளே கம்பி வைத்து ஒட்டுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு கை கழன்று விழும்.

பொம்மையின் உறுப்புகள் ஒட்டிக்கொண்டு வருகிற பிளாஸ்டிக் சட்டகத்தில் இருந்து வெட்டும்போது கிளிப்பரின் தட்டையான பக்கம் பொம்மையைப் பார்த்து இருக்கட்டும். அச்சு சேர்ந்த கோடு ஒன்று உடம்பைச் சுற்றி ஓடும், அதைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்துவிடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் விட்டுவிட்டால் டிரை பிரஷும் வாஷும் அந்தக் கோட்டைத்தான் முதலில் தேடிப் பிடித்துக் காட்டும். ரெசின் பொம்மையை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அச்சில் இருந்து கழற்றப் பூசும் வழுவழுப்பு மேலேயே இருக்கும், பெயிண்ட் பிடிக்காது.

பிரைமரை, அதாவது மேலே வரும் பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு ஸ்ப்ரேயை, நன்றாகக் குலுக்கி, 20-ல் இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, விட்டுவிட்டு அடியுங்கள். மழை நாளிலும் ஈரக்காற்றிலும் அடிக்காதீர்கள், மேல்பரப்பு மணல்தாள் மாதிரி ஆகிவிடும். முதலில் முழுக்கக் கறுப்பு, காய்ந்ததும் மேலிருந்து மட்டும் வெள்ளை. உச்சி வெயில் விழுகிற மாதிரி. இதனால் நிழல் எங்கே, வெளிச்சம் எங்கே என்று பொம்மையே உங்களுக்குச் சொல்லிவிடும், மெல்லிய நிறம் அதன் மேல் ஏறும்போது பாதி ஷேடிங் ஏற்கனவே முடிந்திருக்கும்.

சிப்பாய்கள்

ஐந்து ஐந்தாக எடுங்கள். பழைய மாத்திரை டப்பா மூடியில் ஒட்டிக்கொண்டால் பிடிக்க வசதி, பொம்மையையே கையில் பிடித்தால் விரல் எண்ணெயில் பெயிண்ட் தேயும். ஐந்துக்கும் ஒரே நிறத்தை முடித்துவிட்டு அடுத்த நிறம். ஐந்தாவது முடிகிறபோது முதலாவது காய்ந்திருக்கும். இருபதை ஒரே நேரத்தில் வரிசையில் வைத்து ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் பெல்ட் பக்கிளில் நின்றுபோவார்கள்.

பெயிண்ட் பதம்தான் எல்லோருக்கும் குழப்பம். டப்பாவில் இருந்து நேராக எடுத்து வைக்காதீர்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்துக் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஓரங்களில் கசிந்து ஓடினால் தண்ணீர் அதிகம், பிரஷ் போன தடம் வரிவரியாக நின்றால் குறைவு. முதல் பூச்சு திட்டுத்திட்டாக அசிங்கமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து மேலும் மேலும் அப்பாமல், காய விட்டு, இரண்டாவது பூச்சு. மூடியுள்ள ஒரு தட்டை டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச், அதன் மேல் பேக்கிங் பேப்பர், இதுதான் நிறம் கலக்கிற ஈரப் பேலட், கலந்த நிறம் அடுத்த நாள் வரைக்கும்கூட உயிரோடு இருக்கும். மெழுகுத் தாள் உதவாது, ஈரம் ஏறாது.

பிரஷ் நம்பர் 1 அல்லது 2, கூரான முனை. சின்ன விஷயத்துக்கு ரொம்பச் சின்ன பிரஷ் வேண்டும் என்று நினைத்து முடி மூன்றே மூன்று இருக்கிற பிரஷை வாங்காதீர்கள், பொம்மையைத் தொடும் முன்பே அதில் உள்ள பெயிண்ட் காய்ந்துவிடும். முனைதான் முக்கியம், பருமன் இல்லை. உலோக வளையம் வரை பெயிண்ட் ஏற விடாதீர்கள். உலோக நிறத்துக்குத் தனிப் பிரஷ், தனித் தண்ணீர், இல்லையென்றால் அந்த மினுமினுப்புத் துகள் அடுத்த முகத்தின் கன்னத்தில் வந்து நிற்கும்.

வரிசை உள்ளே இருந்து வெளியே: தோல், உடுப்பு, கவசம், துப்பாக்கி. பிறகு வாஷ். பொம்மை முழுக்க வாஷை ஊற்றிக் குளிப்பாட்டுவது ஒரு முறை, அழுக்குப் படைக்கு அது போதும். சுத்தமான கவசக்காரர்கள் வேண்டுமென்றால் இடுக்குகளில் மட்டும் விடுங்கள், தட்டையான தகட்டின் நடுவில் தேங்கினால் காய்ந்ததும் வட்டமாகக் கறை நிற்கும். அதன்பின் கவசத்தின் அதே அடிநிறத்தை எடுத்து மேடுகளில் திரும்பத் தடவினால் பொம்மை கண் விழிக்கும்.

2019-ல் சிட்டடெல் கான்ட்ராஸ்ட் வந்ததில் இருந்து, ஆர்மி பெயின்ட்டரின் ஸ்பீட்பெயிண்ட் மாதிரி, ஒரே பூச்சில் நிழலும் நிறமும் தருகிற பெயிண்டுகள் நிறைய வந்துவிட்டன. அதைப் பயன்படுத்துவது ஏமாற்று என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். செதில், ரோமம், சதை, மடிப்புத் துணி இருக்கிற வேற்றுக்கிரக ஜந்துக்களுக்கு அது அற்புதம், வெளிர் பிரைமர் மேல் ஒரு மாலையில் ஒரு கூட்டத்தையே முடிக்கலாம். டாங்கி, ரோபோ, வழவழத் தகடு இவற்றில் மட்டும் திட்டுத்திட்டாகத் தேங்கும், அங்கே வேண்டாம்.

ஹெல்மெட் கண்ணாடியில் மேல்பக்கம் அடர்நிறம், கீழ்பக்கம் அதே நிறத்தின் வெளிர், பிறகு இருண்ட மேல்மூலையில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணாடி உள்வாங்கிய வெளிச்சம் அடியில் போய்த் தேங்குகிற மாதிரி இருக்கும். ஒளிரும் பிளாஸ்மா துப்பாக்கிக்கு வழக்கமான கணக்கு தலைகீழாகும், பள்ளம்தான் வெள்ளை, வெளியே வர வர நிறம் அடர்த்தி. அந்த வெளிச்சம் பக்கத்துக் கவசத்தில் விழுவதாகக் காட்ட ஆசை வரும், காட்டுங்கள், ஆனால் விழுகிற இடம் மூலத்தைவிடப் பிரகாசமாக இருந்தால் வெளிச்சம் மாதிரி இருக்காது, பெயிண்ட் கொட்டின மாதிரி இருக்கும்.

கவசம் பெயர்ந்த இடங்களுக்கு டெரெயினில் பழகிய அதே ஸ்பாஞ்சுதான். அடர் பழுப்பைத் தொட்டு, துணியில் முக்காலும் ஒற்றி எடுத்துவிட்டு, முழங்கால், தோள் ஓரம், டாங்கியின் கதவோரம் என்று உரசல் படுகிற இடங்களில் மட்டும். கவசத்தின் நடுவில் எப்படி உரசும்? யோசித்து வையுங்கள். இந்த ஒற்றல் இன்னொன்றுக்கும் ஆகும்: கோணலாகப் போன கோடு, தவறி விழுந்த சொட்டு எல்லாவற்றின் மேலும் ஒரு பெயர்ச்சல் வைத்துவிடலாம்.

சின்னங்களைத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் தாள்கள் வந்தால், ஒட்டும் இடத்தில் முதலில் பளபள வார்னிஷ் ஒரு பூச்சு. சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளித் திட்டு தெரியும்.

தளபதி

இப்போது எடுங்கள். புதிதாக எதுவும் கற்கவேண்டியதில்லை, ஒன்பது சிப்பாய்களில் செய்த அதே வேலைதான், ஒவ்வொரு படியிலும் இரண்டு மடங்கு நேரம். ஓரங்களில் மெல்லிய வெளிர் கோடு போடுவதென்றால் பிரஷ் முனையால் வரையாதீர்கள், பிரஷின் பக்கவாட்டை ஓரத்தின் மேல் வைத்து இழுங்கள், கோடு தானாக விழும். கண்ணைப் பற்றி: ஹெல்மெட் போட்ட தலை பெட்டியில் இருந்தால் அதையே ஒட்டிவிடுங்கள். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன். இல்லையென்றால் கண் குழியில் அடர் பழுப்பு, அதற்குள் வெள்ளையைவிடச் சற்று மங்கிய கோடு, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கீற்று. புள்ளி வைத்தால் பேய் பார்த்தவன் மாதிரி முழிப்பான். முகம் சொதப்பினால் அன்றைக்கே சரிசெய்ய உட்காராதீர்கள், நாளைக்குச் சின்னத் தவறாகத் தெரியும்.

முடித்த பிறகு

வார்னிஷ் போடாமல் விளையாடாதீர்கள், மூன்று ஆட்டத்தில் முழங்கை, துப்பாக்கி முனை எல்லாம் பிரைமர் தெரிய ஆரம்பிக்கும். மேட், அதாவது பளபளப்பு இல்லாத வார்னிஷை டின்னில் அடி வரைக்கும் கலங்கக் குலுக்குங்கள், ஈரமான நாளில் அடித்தால் பொம்மை மேல் பனி பெய்தது மாதிரி வெளுக்கும். அப்படி ஆகிவிட்டால் அழவேண்டாம், மேலே பளபள வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும், அது காய்ந்தபின் நல்ல நாள் பார்த்து மேட். ஒளிரும் கண்ணாடிக்கு மட்டும் கடைசியில் பிரஷால் பளபளப்பைத் திரும்பத் தொட்டு வையுங்கள்.

தூக்கிப் போக வர, பேஸ் அடியில் சின்ன நியோடைமியம் காந்தம் ஒட்டி இரும்புத் தகடு போட்ட பெட்டியில் நிறுத்துவது நல்லது, நுரைப் பெட்டி பெயிண்டைத் தேய்த்துவிடும். கைகளை மாற்றி மாற்றி வைக்கவும் காந்தம் வைக்கலாம், ஒட்டும் முன் எந்தப் பக்கம் எதை இழுக்கிறது என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள், தன் துப்பாக்கியையே தள்ளிவிடுகிற ரோபோ ஒன்று என்னிடம் இருக்கிறது.

பேஸ் ஓரத்துக்கு எல்லாருக்கும் ஒரே கறுப்போ ஒரே பழுப்போ அடித்துவிட்டு, காய்ந்ததும் ஒரு பொம்மையைத் திருப்பி, அடியில் என்னென்ன பெயிண்ட், எந்த வரிசையில் என்று மெல்லிய பேனாவால் எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து இதே படைக்கு இன்னும் ஐந்து பேர் சேர்க்கத் தோன்றும். என் முதல் படையின் கவசப் பச்சையை நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஏழு பச்சை வாங்கிவிட்டேன், ஒன்றும் ஒத்துப்போகவில்லை.